சாந்தகுமாரி போட்ட அம்புகள்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. பின்னால் நிற்கிறவர்களும் முன்னால் வாருங்கள். இன்றைக்கு ஒரு பெட்டியின் கதை சொல்லப் போகிறேன். ஒருத்தர் தள்ளினால் அந்தப் பெட்டி நகராது. இரண்டு பேர் தள்ளினாலும் நகராது. லாரி வைத்து இழுத்தாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஏன் நகரவில்லை என்று கேட்டுக் கேட்டு நாலு நாள் தூக்கத்தைத் தொலைத்த ஒரு பெண்ணின் கதை இது. நடுவில் உங்களுக்கும் குழம்பும். பயப்படாதீர்கள், எனக்கும் குழம்பியதுதான். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், தாண்டிவிடலாம்.

தொண்ணூற்றாறாம் வருஷம். ஸ்ரீராம்புரத்தில் சந்தானம் ஒரு சின்ன அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, ரசீது புத்தகம், கூழ் ஊற்றுகிற நோட்டீஸ் என்று தமிழிலும் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் வேலை வரும். பின்னறையில் ஆஃப்செட் மெஷின். அதை ஓட்டுகிறவர் ஆம்ப்ரோஸ். முன்னறையில் துணி போர்த்திய ஒரே ஒரு கம்ப்யூட்டரும், அதற்கு முன்னால் ஒரு நாற்காலியும். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு நீள மேஜை. அந்த மேஜையில் தாளை மடித்து, வெட்டி, பசை தடவி ஒட்டுகிறவள் சாந்தகுமாரி. அந்த வேலையை நின்றுகொண்டுதான் செய்ய முடியும். ஒன்பது வருஷம் நின்றாள். முப்பத்தெட்டு வயசுக்குள் முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டது. இன்னும் இரண்டு வருஷம் இப்படி நின்றால் அப்புறம் நடக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகையால் முன்னறை நாற்காலியை அவள் பார்க்கிற பார்வையே வேறாக இருந்தது.

அவள் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவள். ஆனாலும் சாயங்காலங்களில் டைப்ரைட்டிங் போய்ப் படித்தாள். கம்ப்யூட்டரில் இருந்தவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தே அதையும் கற்றுக்கொண்டாள். அவன் ஒரு நாள் பெரிய கம்பெனியில் வேலை கிடைத்துப் போய்விட்டான். சந்தானம் அவளைக் கூப்பிட்டார்.

"சாந்தா, ஒரே ஒரு புக்கு போட்டுக் காட்டு. எழுதினவரு சரின்னு கையெழுத்துப் போட்டா இந்தச் சீட்டு உனக்கு. இல்லன்னா டிப்ளமா படிச்ச யாரையாவது கூட்டிட்டு வந்துடுவேன். நீ மேஜைக்குப் போயிடு. அப்புறம் என்னைக் கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிச்சுக்க மாட்டேன்ணா."

வந்த புத்தகம் என்ன தெரியுமா? அடுகோடி என்கிற பேட்டையில் டுடோரியல் நடத்துகிற ஞானசேகரன் என்கிற வாத்தியார் எழுதியது. பி.யூ.சி. பிள்ளைகளுக்கான பிசிக்ஸ் கணக்குகள். எல்லாமே விசையைப் பற்றியவை. தள்ளுவது, இழுப்பது, தூக்குவது, உரசுவது. அறுபத்து நாலு படங்கள். ஒவ்வொரு படத்திலும் அம்புகள். விசை எந்தப் பக்கம் போகிறது என்று அம்பு காட்டும், எவ்வளவு பெரிசு என்று அம்பின் நீளம் காட்டும்.

வாத்தியார் கையெழுத்தோ ஆண்டவனுக்கே வெளிச்சம். அம்புகள் காக்கா கால் மாதிரி கிடந்தன. ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, எது எங்கே தொடங்குகிறது என்றே தெரியாமல். சாந்தகுமாரி சுத்தமான வேலைக்காரி. பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் ஒரு நூல் ஏறி இறங்கினால்கூட விடமாட்டாள். பாவம், அவசரத்தில் கிறுக்கியிருக்கிறார், நாம் ஒழுங்கு பண்ணிவிடலாம் என்று நினைத்தாள். அதோடு மூன்றாம் பக்கத்தில் அவரே நியூட்டன் விதியை எழுதியிருந்தார்: ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு. பிறகென்ன. ஒரு நல்ல அம்பு வரைந்தாள். காப்பி எடுத்தாள். திருப்பினாள். பெட்டியின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. மேலே ஒன்று, கீழே ஒன்று. அறுபத்து நாலு படத்திலும் ஒரே அம்பு, ஒரே நீளம். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

சந்தானம் பார்த்துவிட்டு, "டிப்ளமாக்காரன் கெட்டான்," என்றார். ஆம்ப்ரோஸ்கூடக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார்.

புரூஃப் போனது. செவ்வாய்க்கிழமை ஞானசேகரன் திரும்பி வந்தார். ஒல்லியான மனிதர். ஸ்கூட்டர் ஓட்டி வந்த தலை கலைந்திருந்தது.

"யாரும்மா இந்தப் படமெல்லாம் போட்டது?"

"நான்தாங்க சார்."

"ரொம்ப அழகா இருக்கு," என்றார். தாளை ஒரு தரம் புரட்டினார். "ஆனா ஒரு பெட்டிகூட நகர மாட்டேங்குதே."

"என்ன சார்?"

"கிளாஸ்ல பதினேழு பேருக்குக் கொடுத்துப் பார்த்தேன். முதல் கணக்கு, எல்லா விசையும் சேர்த்தா மிச்சம் எவ்வளவு? பூஜ்யம்ங்கிறாங்க. ரெண்டாவது பூஜ்யம். லாரி இழுக்குது, பூஜ்யம். கிணத்துல இருந்து வாளி மேல வருது, அதுவும் பூஜ்யம். இந்தப் பக்கம் இருக்கிறதும் அந்தப் பக்கம் இருக்கிறதும் சமம்னா மிச்சம் ஏது? ஒரு பொண்ணு கேக்குது, சார், எல்லாத்துக்கும் விடை பூஜ்யம்தான்னா அட்டையிலயே போட்டுடலாமேன்னு."

சந்தானம் சிரிக்க ஆரம்பித்து, சாந்தகுமாரியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"நீங்கதானே சார் சமம்னு எழுதியிருக்கீங்க," என்றாள் அவள். "இதோ, மூணாம் பக்கம்."

"சமம்தாம்மா."

"அப்ப நான் போட்டது சரிதானே?"

"சமம்தான். ஆனா இங்க சமமில்ல."

"பின்ன எங்க சார் சமம்?"

"அது வேற பொருள் மேல இருக்கும்மா."

"எந்தப் பொருள்?"

வாத்தியார் வாயைத் திறந்தார், கடிகாரத்தைப் பார்த்தார். அடுகோடியில் கிளாஸ் காத்திருந்தது. "நான் எழுதினபடியே போட்டுடுங்க. வெள்ளிக்கிழமை வர்றேன். சரியா வரலன்னா பிரேசர் டவுன்ல இன்னொரு அச்சகக்காரர் இருக்காரு, அங்க கொடுத்துடறேன். பரீட்சை நெருங்குது, எனக்கு வேற வழியில்ல," என்று சொல்லிவிட்டுப் போனார்.

எழுதினபடியே போடுவதாம். எழுதினதுதான் புரியவில்லையே. இரண்டு அம்புகள் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக்கிடந்தால், எது கையுடையது, எது பெட்டியுடையது? கையில் போட வேண்டியதைப் பெட்டியில் போட்டால் மறுபடி பதினேழு பேருக்கும் பூஜ்யம்.

சந்தானம் யோசனை சொன்னார். "சமமா இருக்கிறதுதானே தொந்தரவு? ஒண்ணைக் கொஞ்சம் நீட்டிடு. ஆய்த்து, கதை முடிஞ்சுது."

நீட்டினாள். தள்ளுகிற அம்பு பெரிசு, பெட்டி திருப்பித் தள்ளுகிற அம்பு சின்னது. இப்போது மூன்றாம் பக்கம் பொய்யாகிவிட்டது. மூன்றாம் பக்கத்தை மெய்யாக்கினால் பெட்டி நின்றுவிடுகிறது. நீட்டுவதும் சுருக்குவதுமாக ஒரு மத்தியானம் போனது.

ஆம்ப்ரோஸிடம் கேட்டாள். அவர் மெஷினை நிறுத்திவிட்டு வந்தார்.

"பெட்டி நம்மளத் திருப்பித் தள்ளுதாமா? அதுக்குக் கை ஏது தங்கச்சி?"

"அப்படித்தாண்ணா எழுதியிருக்காரு."

"எழுதறவங்க எதை வேணா எழுதுவாங்க. இந்தா, இந்தப் பேப்பர் கட்டைத் தள்ளு. அது உன்னைத் தள்ளுதான்னு பாக்கலாம்."

சுவரோரம் புதுசாக இறக்கிய தாள் கட்டுகள், ஒன்றின் மேல் ஒன்றாக அவள் இடுப்பு உயரத்துக்கு. சாந்தகுமாரி இரண்டு கையும் வைத்துத் தள்ளினாள். மெஷின் துடைத்த மண்ணெண்ணெய் தரையில் கொஞ்சம் சிந்திக் கிடந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. கட்டு அப்படியே இருந்தது. சாந்தகுமாரிதான் செருப்போடு சர்ரென்று பின்னால் போய்த் தூணில் முட்டி நின்றாள்.

ஆம்ப்ரோஸ் கட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "தள்ளிடுச்சே," என்றார்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன். நீ அதைத் தள்ளின, அது உன்னைத் தள்ளிச்சு, நீதான் போன. அப்ப அதுக்குத்தான் பலம் ஜாஸ்தி."

"சமம்னு போட்டிருக்குண்ணா."

"சமம்னா ரெண்டு பேருமே போகக் கூடாதுல்ல?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்."

"என்னைக் கேட்டா? நான் எங்க வீட்டுல ஒருத்தியோட தள்ளுமுள்ளுக்கே பதில் தெரியாம இருக்கேன்," என்று சொல்லிவிட்டு அவர் மெஷினுக்குத் திரும்பிவிட்டார்.

புதன்கிழமை வேலைக்கு வருகிற பஸ்ஸில் டிரைவர் திடீரென்று பிரேக் போட்டார். நின்றுகொண்டிருந்த சாந்தகுமாரி முன்னால் பாய்ந்து ஒரு கீரைக்கார அம்மாவின் கூடைமேல் விழுந்தாள்.

"யாரும்மா உன்னைத் தள்ளினது?" என்றாள் அந்த அம்மா, கோபமாக.

சாந்தகுமாரி திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஒரு ஆளும் இல்லை. "யாரும் தள்ளலைங்க."

"யாரும் தள்ளாம எப்படிம்மா விழுவ?"

சிதறிய கீரைக்கட்டுகளைப் பொறுக்கிக் கூடையில் வைத்தாள். பஸ்ஸை யாரோ பின்னால் இழுத்து நிறுத்தினார்கள், தன்னை மட்டும் யாரும் இழுக்கவில்லை, அதனால் தான் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தோமோ என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டியிருந்தது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கே கரண்ட் போனது. கம்ப்யூட்டர் இருட்டாகிவிட்டது. நாளைக்கு வாத்தியார் வந்துவிடுவார். நாற்காலியில் இருண்ட கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம் உட்காருவது? எழுந்து தன் பழைய மேஜைக்கு வந்தாள். வாசல் வெளிச்சம் அங்கேதான் விழும். பழைய புரூஃப் தாள்களைப் பரப்பினாள். படங்களை வெட்டி, சரியாக ஒட்டிப் பார்த்து வைத்துக்கொண்டால், கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டரில் போட்டுவிடலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், கண்ணுகளா. கதையே இங்கேதான் திரும்புகிறது.

ஐந்தாம் படம். ஒரு ஆள் தரைமேல் இருக்கிற பெட்டியைத் தள்ளுகிறான். பெட்டியின் ஓரத்தோடு கத்தரித்தாள். சுற்றி வந்ததும் பெட்டி தனித்தாளாகக் கையோடு வந்துவிட்டது. ஆள் ஒரு துண்டு, தரை ஒரு துண்டு. ஆனால் கையும் பெட்டியும் தொடுகிற இடத்தில் இரண்டு அம்புகள் இருந்தனவே, அவை எந்தத் துண்டோடு போவது? இரண்டையும் தனியே நறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

ஒன்று, கை பெட்டியைத் தள்ளுவது. தள்ளு வாங்குகிறது பெட்டி. ஆகையால் அது பெட்டித் துண்டில். பசை தடவி ஒட்டினாள். மற்றது, பெட்டி ஆளைத் தள்ளுவது. மண்ணெண்ணெயில் வழுக்கிக்கொண்டு போனது யார்? அவள்தானே, கட்டு இல்லையே. அப்படியானால் அது ஆள் துண்டில். அதையும் ஒட்டினாள்.

ஒட்டிவிட்டுப் பெட்டித் துண்டை மட்டும் கையில் எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்தச் சமமான எதிர் அம்பு பெட்டியில் இல்லை. ஆளோடு போய்விட்டது. இரண்டும் ஜோடிதான், அளவும் ஒன்றுதான், ஆனால் ஒரு வீட்டில் குடியிருக்கவில்லை. பெட்டி வீட்டில் இருப்பது கையின் தள்ளல், தரை உரசிப் பிடித்து இழுக்கும் இழுவை, கீழே இழுக்கும் எடை, மேலே தாங்கும் தரை. கையின் தள்ளலும் தரையின் உரசலும் சமமாக இருக்க வேண்டும் என்று மூன்றாம் பக்கம் எங்கேயும் சொல்லவில்லை. தள்ளல் பெரிசாக இருந்தால் பெட்டி போகும். அவ்வளவுதான்.

வாத்தியாரின் கையெழுத்துத் தாளை எடுத்துப் பார்த்தாள். காக்கா கால் அப்படியேதான் இருந்தது, தள்ளல் நீளமாக, உரசல் குட்டையாக.

ஆம்ப்ரோஸ் டீ வாங்கிவந்து வைத்தார். "என்ன தங்கச்சி, கம்ப்யூட்டர் போயி கத்தரிக்கோலா?"

"பெட்டி நகர்ந்துடுச்சுண்ணா."

அவர் மேஜையைப் பார்த்தார். பெட்டி இருந்த இடத்தில்தான் இருந்தது. டீயை அவள் பக்கம் தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு முழுக்க வெட்டினாள். வாளி, லாரி, கயிறு, கப்பி, எல்லாவற்றையும் தனித்தனியாக. ஒவ்வொரு அம்பின் வாலிலும் பென்சிலால் யார் கொடுத்தது என்று எழுதினாள்: கை, தரை, கயிறு, பூமி. எல்லாம் தெளிந்துவிட்டதா என்றால் இல்லை. பெட்டியைப் பூமி கீழே இழுக்கிறது, தரை மேலே தாங்குகிறது, இரண்டையும் வாத்தியார் ஒரே அளவில் போட்டிருக்கிறார். பார்த்தால் ஜோடி மாதிரி இருக்கிறது. ஜோடி என்றால் வேறு வேறு வீட்டில் இருக்க வேண்டுமே, இவை இரண்டும் பெட்டியிலேயே குந்திக்கொண்டிருக்கின்றனவே? எவ்வளவோ யோசித்தாள், பிடிபடவில்லை. அவர் போட்டபடியே விட்டாள்.

கடைசியில் ஏழு அம்புகள் மிஞ்சின. அவற்றை யார் கொடுத்தது என்று எழுத ஆளே கிடைக்கவில்லை. மேலே எறிந்த பந்துக்கு மேல் நோக்கி ஒரு அம்பு. பிரேக் போட்ட காருக்கு முன் நோக்கி ஒரு அம்பு. பந்தை எறிந்த கை எப்போதோ கீழே நின்றுவிட்டது, அது வேறு துண்டு. நடு வானத்தில் பந்தை மேலே தள்ளுவது யார்? ஏழு அம்பின் பின்னாலும் படத்தின் எண்ணை எழுதி, ஒரு காலித் தீப்பெட்டிக்குள் போட்டு வைத்தாள்.

வெள்ளிக்கிழமை கரண்ட் இருந்தது. மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டு முடித்தாள். சாயங்காலம் ஞானசேகரன் வந்தார். புரூஃபைப் புரட்டினார்.

"தரை எங்கம்மா? பெட்டி அந்தரத்துல தொங்குது."

"தரை தனியா பக்கத்துல இருக்கு சார். வெட்டினாத்தான் எனக்குப் புரிஞ்சுது."

அவர் மறுபடி முதலிலிருந்து பார்த்தார். விரலால் ஒவ்வொரு அம்பாகத் தொட்டார். பத்துப் பக்கம் தாண்டியதும் தலையாட்ட ஆரம்பித்தார். "இதைத்தான் தொண்டை வத்தக் கத்துறேன், ஒரு பொருளைத் தனியா எடுத்து வச்சுப் பாருங்கன்னு. சரி, பேனா கொடுங்க."

சந்தானம் நீட்டிய பேனாவை அவர் வாங்கினார். அப்போது சாந்தகுமாரி தீப்பெட்டியைத் திறந்து மேஜையில் கவிழ்த்தாள்.

"சார், இந்த ஏழும் யாருதுன்னு தெரியல. அதனால ஒட்டல."

வாத்தியார் ஒன்றை எடுத்துப் பின்புறம் பார்த்தார். "நாப்பத்தொண்ணு. பந்து. அது மேல போற அம்புதானேம்மா?"

"யாரு சார் மேல தள்றாங்க?"

"யாரும் தள்ளல. கைய விட்டு வந்தாச்சுல்ல. அது போற திசை, அவ்வளவுதான்."

"யாரும் தள்ளலன்னா அம்பு ஏன் சார்?"

சந்தானம் குறுக்கே வந்தார். "சார், அவ எட்டாங்கிளாஸ் சார், தப்பா எடுத்துக்காதீங்க. சாந்தா, உனக்கெதுக்கு அதெல்லாம்? எடுத்த இடத்துலயே ஒட்டிடு."

"ஒட்டிடறேன்ணா. யாரு கொடுத்ததுன்னு மட்டும் சொல்லட்டும், எழுதிட்டு ஒட்டிடறேன்."

அவள் எதிர்த்துப் பேசவில்லை, கண்ணுகளா. அவளுக்கு மெய்யாகவே தெரியவில்லை. தெரியாததை ஒட்ட அவளுக்குக் கை வரவில்லை. எதிரே நாற்காலி. அதற்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கையெழுத்துதான் பாக்கி.

ஞானசேகரன் பேனாவைக் கீழே வைத்தார். ஏழு அம்பையும் பொறுக்கித் தீப்பெட்டியில் போட்டார். "நாளைக்கு வர்றேன்," என்று அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். முகத்தில் கோபமா வருத்தமா என்று சொல்ல முடியவில்லை.

"போச்சு," என்றார் சந்தானம். "பிரேசர் டவுனுக்குப் போச்சு. கையில இருந்த பேனாவைக் கீழ வைக்க வச்சுட்டியே."

சனிக்கிழமை காலை சாந்தகுமாரி முன்னறைக்குப் போகவில்லை. நேராக மேஜைக்கு வந்து நின்று, ஒரு கல்யாணப் பத்திரிகையை மடிக்க ஆரம்பித்தாள். ஆம்ப்ரோஸ் பத்திரிகைக் கட்டை அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் நகர்த்தி வைத்தார். முன்னூறு பத்திரிகை மடித்திருப்பாள். ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

"ஏழு இல்லம்மா," என்றார் ஞானசேகரன், உள்ளே வந்ததும் வராததுமாக. "பன்னெண்டு இருக்கு. நீங்க அஞ்சை விட்டுட்டீங்க. இல்ல, நான் விட்டுட்டேன்."

சந்தானம் எழுந்து நின்றார்.

"பதினாலு வருஷமா நானும் திட்டுறேன், ஏன் இல்லாத விசையைக் கூட்டுறீங்க, பந்தை யாருடா மேல தள்றதுன்னு. மார்க்கைக் குறைக்கிறேன். போர்டுல நான்தான் போற திசைக்கும் அதே அம்பைப் போட்டுட்டு வந்திருக்கேன். பசங்க என்ன பண்ணுவாங்க? அம்பைப் பாத்தா கூட்டத்தானே செய்வாங்க." அவர் ஒரு நோட்டுத் தாளை நீட்டினார். "திசையைப் புள்ளிக்கோடா போட்டு, பொருளைத் தொடாம தள்ளி வையுங்க. பன்னெண்டும் மாத்தணும். மாத்துவீங்களா?"

அவள் கையிலிருந்த பத்திரிகையை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்தாள். அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக மாற்றினார்கள். இரண்டு மணிக்கு முடிந்தது. எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் எழுந்தார்.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? எடையும் தரையும் சமமா இருக்கே. அது ஜோடி இல்லையா?"

"இல்ல. ரெண்டுமே பெட்டி மேல இருக்கே. எடைக்கு ஜோடி பூமி மேல இருக்கு."

"பூமி மேலயா? அப்ப இந்தப் பெட்டி பூமியை இழுக்குதா?"

"இழுக்குது."

"எவ்வளவு?"

"பூமி பெட்டியை இழுக்கிற அதே அளவு."

அவள் அவரையே பார்த்தாள். விளையாடுகிறாரோ என்று தோன்றியது.

"எனக்கும் மனசு ஒத்துக்கலம்மா," என்றார் ஞானசேகரன். "ஆனா கணக்கு ஒத்து வருது." கிளாஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அவள் எழுந்து, பாதியில் விட்ட பத்திரிகைகளை மடிக்க மேஜைக்குப் போகப் பார்த்தாள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றார் சந்தானம், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "உக்காரு. மேஜைக்கு வேற ஆள் பாத்துக்கிறேன். அடுத்து கெமிஸ்ட்ரி எழுதறாராம்."

உட்கார்ந்தாள். முழங்கால் இரண்டும் மடங்கி, பாரம் இறங்கியது. ஆம்ப்ரோஸ் டீக்குக் கூப்பிட்டார். வருகிறேன் என்று சொன்னாளே தவிர எழவில்லை. நாற்காலி தன்னைத் தாங்குகிறது, சரி. தான் நாற்காலியை அழுத்துகிறோம், அதுவும் சரி. இந்த இரண்டும் ஜோடி. இதற்கு நடுவில் தான் பூமியை வேறு மேலே இழுத்துக்கொண்டிருக்கிறோமாமே, அது எப்படி? அதுதான் அவளுக்கு அன்றைக்கும் புரியவில்லை, அதற்கப்புறமும் புரியவில்லை. ஆனால் உட்கார்ந்துகொண்டுதான் புரியாமல் இருந்தாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா, எழுந்திருங்கள், பொழுதாகிவிட்டது. உங்கள் வீட்டில் நிற்கிறவர்களுக்கெல்லாம் உட்கார இடம் கிடைக்கட்டும். வாசலில் வருகிறவர்கள் செருப்பெல்லாம் குவிந்து கிடக்கட்டும். கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாவிட்டாலும் கேட்கிற வாயை யாரும் அடைக்காத வீடாக இருக்கட்டும். சோறும் சிரிப்பும் குறையாமல் நன்றாக இருங்கள்.